கூண்டிலிருந்து கூடத்துக்கு: ஃபுளோரிடாவின் ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளும் அவற்றைத் தத்தெடுப்போர் படிக்க வேண்டியவையும்

2018 நவம்பர் 6 அன்று ஃபுளோரிடா மாநிலத்தில் வாக்களித்தவர்களில் 69 விழுக்காட்டினர் அம்மாநில அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தை ஆதரித்தனர். நிறைவேறுவதற்கு 60 விழுக்காடே போதுமானதாக இருந்தது. பணம் கட்டி நாய்களை ஓடவிடும் பந்தயம் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு கூடாது என்பது திருத்தத்தின் சாரம். அப்போது அமெரிக்கா முழுவதும், வேகத்துக்குப் பெயர்பெற்ற வேட்டைநாய் இனமான கிரேஹவுண்டுகளுக்கென இயங்கிவந்த 17 பந்தயத் தடங்களில் 11 அந்த ஒரு மாநிலத்திலேயே இருந்தமையால், ஒரு மாநிலத்தின் வாக்கெடுப்பு ஒரு நாட்டின் தொழிலையே ஏறக்குறைய முடித்துவைத்தது. விலங்குகளைப் பரிவோடு நடத்துவது ஃபுளோரிடா மக்களின் அடிப்படை விழுமியம் என்று தொடங்கும் அத்திருத்தம், தடங்களில் இருந்த ஆயிரக்கணக்கான நாய்கள் எங்கே போகும், அவற்றை யார் பராமரிப்பார், செலவு யாருடையது என்பவை பற்றி எதுவும் சொல்லவில்லை.

திருத்தம் வந்ததற்குப் பரிவு மட்டும் காரணமன்று. ஃபுளோரிடாவில் 1931 முதல் சட்டபூர்வமாக நடந்துவந்த நாய்ப் பந்தயம் பல ஆண்டுகளாகவே பார்வையாளர்களை இழந்துவந்தது. ஆனால் தட உரிமையாளர்களுக்கு நல்ல வருமானம் தந்த சீட்டாட்டக் கூடங்களை நடத்த வேண்டுமானால் நாய்களையும் ஓடவிட்டாக வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டிருந்தது. அந்தக் கட்டு அவிழ்வதைத் தட உரிமையாளர்களில் பலர் மனத்துக்குள் விரும்பினார்கள் என்பது இவ்விவகாரத்தின் வேடிக்கையான பக்கம். மறுபுறம், தடங்களில் நேரும் நாய் மரணங்களைப் பதிவு செய்வது 2013 முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. சராசரியாக மூன்று நாளுக்கு ஒரு நாய் இறப்பதாக அந்தப் பதிவேடு காட்டியது. வாக்கெடுப்புப் பரப்புரையில் அதிகம் எடுபட்ட செய்தி அதுவே.

வாக்கெடுப்பு முடிந்த மறுவாரமே எழுந்த அச்சம் நியாயமானது. இரண்டே ஆண்டுகளில் இத்தனை நாய்களை எந்த வீடுகள் ஏற்கும்? 1980-களுக்கு முன்பு ஓட முடியாமல்போன கிரேஹவுண்டுகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன என்பதை அறிந்தவர்களுக்கு அது வெறும் கற்பனைப் பயமாக இருக்க முடியாது. நடந்தது வேறு. பல தடங்கள் கெடு முடியும் முன்பே ஓட்டத்தை நிறுத்தியதால் நாய்கள் ஒரே நாளில் வெளியே வராமல் பகுதி பகுதியாக வந்தன. இன்னும் ஓடும் வயதிலிருந்த சில, வேறு மாநிலத் தடங்களுக்கு அனுப்பப்பட்டன. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1925-இல் தொடங்கிய டெர்பி லேன் என்னும் தடம் 2020 டிசம்பர் 27 அன்று கடைசி ஓட்டத்தை நடத்தியது. டிசம்பர் 31 இரவு வெஸ்ட் பாம் பீச் தடத்தில் மாநிலத்தின் இறுதிப் பந்தயம் முடிந்தது. அதற்குள் நிலைமை தலைகீழாகியிருந்தது: கொரோனாக் காலத்தில் வீட்டோடு இருந்த மக்கள் நாய் கேட்டு விண்ணப்பிக்க, தத்தெடுப்புக் குழுக்களிடம் நாயைவிடக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது.

இந்த முடிவுக்குக் கொரோனாவை மட்டும் காரணம் காட்டுவது போதாது என்பது என் கணிப்பு. தத்தெடுப்பவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். 1987-இல் தொடங்கிய ‘கிரேஹவுண்ட் பெட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ உள்ளிட்ட குழுக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாய்களை வீடுகளில் சேர்த்து, எது தவறிப் போகிறது என்று கவனித்து, அதை எழுதியும் வைத்திருந்தன. வீட்டுக்கு வந்த நாய் ஏன் மாடிப்படியின் முன் நின்று நடுங்குகிறது, ஏன் தூக்கத்தில் தொட்டால் உறுமுகிறது என்ற கேள்விகளுக்கு விடை முன்பே அச்சாகியிருந்தது. எனவே இந்நிகழ்வைப் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, எந்த எழுத்து உண்மையில் உதவியது, ஏன் உதவியது என்பதுதான். என் விடை சுருக்கமானது: நாய் முன்பு எப்படி வாழ்ந்தது என்பதை விளக்கிவிட்டுப் பயிற்சிக்கு வரும் நூல் உதவியது, நேரே பயிற்சிக்குப் போன நூல் பெரும்பாலும் உதவவில்லை.

ஓட்ட நாயின் அன்றாடம்

அமெரிக்கப் பந்தய நாயின் வாழ்க்கை ஒரு பண்ணையில் தொடங்குகிறது. உடன்பிறந்த குட்டிகளோடு நீண்ட வேலிகளுக்கிடையே ஓடி வளரும் அது, ஏறத்தாழ ஒன்றரை வயதில் தடத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே கென்னல் எனப்படும் நாய்க் கொட்டிலில் கூண்டுகள் இரண்டு அடுக்காக இருக்கும். வழக்கமாக மேலடுக்கில் பெண் நாய்களும் கீழடுக்கில் ஆண் நாய்களும் இருக்கும். நாளுக்கு நான்கைந்து முறை வாய்க்கூடு மாட்டி, கழிக்கவும் காலாறவும் வெளி முற்றத்தில் கூட்டமாக விடுவார்கள். எஞ்சிய நேரம் முழுவதும் கூண்டில்தான். உணவு, மனிதர் உண்ணத் தகாதெனத் தள்ளப்பட்ட மாட்டிறைச்சியும் உலர் தீவனமும் கலந்த கலவை. சில நாளுக்கு ஒரு முறை பந்தயம்: எட்டு நாய்கள், செயற்கை முயல், 500 மீட்டர் அளவிலான தடம், முப்பது வினாடி அளவிலான ஓட்டம். தொடர்ந்து பின்தங்கும் நாய் தரவரிசையில் கீழே இறக்கப்பட்டு, கடைசித் தரத்திலும் தேறாவிட்டால் வெளியேற்றப்படும். பெரும்பாலானவை இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஓய்வுபெறுகின்றன.

இந்த அன்றாடத்தை ஒருமுறை கருத்தூன்றிப் படித்தவருக்கு வீட்டில் காணும் பல ‘வினோதங்கள்’ வினோதமாகத் தோன்றுவதில்லை. அந்நாய் பிறந்தது முதல் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்ததில்லை. சுற்றிலும் எப்போதும் பிற கிரேஹவுண்டுகளின் மூச்சொலி இருந்திருக்கிறது. அது கிரேஹவுண்ட் அல்லாத நாயையே பார்த்திராமல் இருக்கலாம். ஒரு பொமரேனியனைக் கண்டு அது நாய்தானா என்று திகைக்கலாம். கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை, சுழலும் மின்விசிறி, தொலைக்காட்சி, மாடிப்படி எதுவும் அதன் அனுபவத்தில் இல்லை. அதே வேளையில், காரில் பயணம் செய்வதும், மனிதக் கை உடலெங்கும் தடவித் தேய்ப்பதும், கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும், கழுத்துவாரில் நடப்பதும், நேரம் தவறாமல் கழிப்பதும் அதற்கு நன்கு பழகியவை. நான்கு வயதில் வீட்டுக்கு வரும் நாய் பாதி கற்று முடித்த நாய். பாதி, கண் திறக்காத குட்டி.

நாய் எங்கிருந்து வந்தது என்பதைக் காதிலேயே படிக்கலாம். கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் நகரில் உள்ள தேசிய கிரேஹவுண்ட் சங்கம் பதிவு செய்யும் ஒவ்வொரு குட்டிக்கும் இரு காதுகளின் உட்புறத்திலும் பச்சை குத்தப்படுகிறது. இடக் காதில் உள்ள எண் அது பிறந்த ஈற்றின் பதிவெண். வலக் காதில் ‘68ஏ’ என்று இருந்தால், 6 என்பது ஜூன் மாதம், 8 என்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம், ஏ என்பது அந்த ஈற்றில் குறியிடப்பட்ட முதல் குட்டி. 2020-இல் இக்குறியோடு வந்த இளநாய் 2018 ஜூனில் பிறந்தது என்று உடனே சொல்லிவிடலாம். இந்த எண்களைக் கொண்டு நாயின் பந்தய வரலாறு, தாய் தந்தை, எந்தத் தடத்தில் ஓடியது என்பவற்றையெல்லாம் தேடி அறிய முடிகிறது. தெருவிலிருந்து மீட்கப்படும் நாய்க்கு இப்படியொரு சாதகக் குறிப்பு கிடைப்பதில்லை. பழைய காயம் எந்தக் காலில் ஏற்பட்டிருக்கக்கூடும், கடைசி ஓட்டத்தில் ஏன் பின்தங்கியது என்பவை மருத்துவருக்கும் பயன்படும் செய்திகள். ஆகவே நாயைக் கையில் பெறும் நாளிலேயே காதைப் படித்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

எதைப் படிப்பது

இத்துறையில் முதலில் பெயர் சொல்லப்படும் நூல் சிந்தியா பிரானிகன் எழுதி 1992-இல் வெளிவந்த ‘அடாப்டிங் தி ரேசிங் கிரேஹவுண்ட்’. பந்தய நாய் வீட்டு நாயாக முடியும் என்பதே பலருக்குச் செய்தியாக இருந்த காலத்தில், நாயின் முன்வாழ்க்கையைச் சொல்லி அதிலிருந்து வீட்டுப் பழக்கத்துக்கு வழிகாட்டிய நூல் அது. பின்னாளில் திருத்திய பதிப்புகளும் வந்தன. 2000-இல் லீ லிவிங்குட் எழுதிய ‘ரிடயர்டு ரேசிங் கிரேஹவுண்ட்ஸ் ஃபார் டம்மீஸ்’ பயிற்சிப் பக்கம் வலுவானது. வரிசையாகப் படிக்காமல் சிக்கல் வந்த அன்று உரிய அத்தியாயத்தை மட்டும் புரட்டுவோருக்கு அது வசதி. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குவதானால் நான் இரண்டாவதையே சொல்வேன். முதல் வாரத்தில் யாரும் வரலாறு படிக்கும் மனநிலையில் இருப்பதில்லை.

இவற்றோடு கிரேஹவுண்டுக்கென எழுதப்படாத இரண்டைச் சேர்க்கலாம். நாயைத் தனியே விட்டுச் செல்லும்போது அது படும் தவிப்பைப் பற்றிப் பட்ரீசியா மெக்கானல் எழுதிய ‘ஐ வில் பி ஹோம் சூன்’ சிறு கையேடு. ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். கேரன் பிரையரின் ‘டோன்ட் ஷூட் தி டாக்’ 1984-இல் வந்தது. டால்பின்களைப் பழக்கிய ஒருவர், தண்டனை இன்றி வெகுமதியால் நடத்தையை வடிப்பது எப்படி என்று விளக்கும் அந்நூல் கிரேஹவுண்டுக்கு மிகப் பொருந்தும், ஏனெனில் இந்நாய் அதட்டலைத் தாங்காது. குரலை உயர்த்தினால் சில நாய்கள் எதிர்க்கும், சில அலட்சியம் செய்யும். கிரேஹவுண்ட் பெரும்பாலும் அப்படியே உறைந்து நின்றுவிடும். அந்த உறைதலைப் பிடிவாதம் என்று எண்ணி இழுப்பவர் நாயின் நம்பிக்கையை இழக்கிறார். நாயை ‘அடக்கி ஆளும் தலைவனாக’ மனிதன் நடந்துகொள்ள வேண்டும் என்று போதிக்கும் பழைய பயிற்சி நூல்களை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம்.

படித்ததை வீட்டில் செய்வது

மாடிப்படி நல்ல எடுத்துக்காட்டு. முப்பது கிலோ எடையும் நீண்ட மெல்லிய கால்களும் உள்ள நாய், படியேறுவது என்றால் என்னவென்றே அறியாதது. அதைத் தூக்கிக்கொண்டு மேலே போவது ஒரு நாளுக்குத்தான் முடியும். ஒருவர் நாயின் பின்புறம் நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் முன்னங்கால் ஒன்றைக் கையால் எடுத்து முதல் படியில் வைத்து, அடுத்த காலை வைத்து, பின் பின்னங்கால்களை ஒவ்வொன்றாக மேலேற்ற வேண்டும். மூன்று நான்கு படிகள் ஏறியதும் மீதியை நாயே பாய்ந்து ஏறிவிட முயலும். அவ்வேகத்தில் சறுக்கினால் பயம் நிலைத்துவிடும், எனவே கழுத்துப்பட்டையைப் பிடித்து நிதானப்படுத்த வேண்டும். இறங்குவதுதான் கடினம், ஆகவே கடைசி இரண்டு படிகளிலிருந்து இறங்கப் பழக்கிப் படிப்படியாக உயரத்தைக் கூட்டுவது வழக்கம். வழுவழுப்பான மரப்படியானால் முதலில் விரிப்பு ஒட்டிவிட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு இன்னும் எளிய வழி: நாயின் கண் உயரத்தில் காகித நாடா ஒட்டிவைத்து, முதல் நாளே கழுத்துவாரோடு அதன் அருகே அழைத்துச் சென்று காட்டிவிடுவது. பாயும் வேகத்தில் கண்ணாடியில் மோதும் நாய்க்கு நேரும் காயம் சிறியதாக இருக்காது.

தனிமையைப் பழக்குவது நெடிய வேலை. வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் நாயை அழைத்துவந்து இரண்டு நாளும் அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை எட்டு மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு போவதே பல தத்தெடுப்புகள் தோற்றதற்குக் காரணம். வந்த முதல் மணி நேரத்திலேயே சில வினாடிகள் கதவுக்கு வெளியே போய்த் திரும்ப வேண்டும். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்ட வேண்டும். நாய் தவிப்பதற்கு முன்பே திரும்பிவிடுவதுதான் இதில் நுட்பம். ஊளையிட்ட பிறகு ஓடிவந்தால் அது வேறு பாடத்தைக் கற்கும். சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது போன்ற புறப்பாட்டுக் குறிகளைப் போகாத வேளையிலும் செய்துகாட்டி அவற்றின் பொருளை நீக்கிவிடுவதும் உதவும். சில நாய்களுக்குப் பழைய கூண்டே ஆறுதலாக இருக்கும். சில, வீட்டுக்கு வந்தபின் கூண்டைக் கண்டாலே பதறிக் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். எல்லா நாய்க்கும் கூண்டே தீர்வு என்று எழுதியிருக்கும் பக்கங்களைச் சற்று ஐயத்தோடு படிக்க வேண்டும்.

தூக்கத்தில் தொட்டால் சீறுவது குழந்தைகள் உள்ள வீட்டார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. கூண்டில் தனக்கென்று ஓரிடத்தில், யாரும் மேலே விழாமல் உறங்கிப் பழகிய நாய், கண்ணைத் திறந்தபடியே ஆழ்ந்து உறங்குவதும் உண்டு. விழித்திருக்கிறது என்று எண்ணிக் குழந்தை கட்டிப்பிடித்தால் அது பற்களால் பதில் சொல்லலாம். உடனே தான் செய்ததைக் கண்டு அதுவே பயந்து ஒடுங்கும். படுக்கையை நடமாட்டமில்லாத மூலையில் போடுவது, எழுப்ப வேண்டுமானால் தொலைவிலிருந்து பெயர் சொல்லி அழைப்பது, படுத்திருக்கும் நாயை அணுகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும்.

உட்காரச் சொல்லிக் கொடுப்பதை வலியுறுத்த வேண்டியதில்லை. தொடைத் தசைகள் பெருத்த இந்நாய்களில் பலவற்றுக்கு உட்காரும் நிலை வசதியாக இல்லை. நிற்பதையோ படுப்பதையோ கட்டளையாகப் பழக்கினால் அதே பயன் கிடைக்கிறது.

பழக்கவே முடியாத ஒன்றையும் நூல்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரேஹவுண்ட் மோப்பத்தால் அன்றிக் கண்ணால் வேட்டையாடும் இனம். சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்த்தவர்களுக்கு இது விளங்கும். தொலைவில் முயலோ பூனையோ அசைந்தால் அதன் காதில் வேறெதுவும் விழாது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சாலையைக் கடக்கும் நாயை எந்தக் கட்டளையும் நிறுத்தாது. எனவே வேலியில்லாத இடத்தில் கழுத்துவாரை அவிழ்க்கக் கூடாது என்பதில் எல்லாத் தத்தெடுப்புக் குழுக்களும் ஒரே குரலில் பேசுகின்றன. இதன் தலை கழுத்தைவிடக் குறுகலானது; சாதாரணப் பட்டையிலிருந்து பின்வாங்கி உருவிக்கொண்டு விடும். இழுத்தால் ஓரளவு இறுகி நிற்கும் மார்ட்டிங்கேல் பட்டையைத்தான் வாங்க வேண்டும். பூனையுள்ள வீட்டுக்குப் பூனையோடு சோதித்துப் பார்த்த நாயையே கேட்டுப் பெற வேண்டும். அச்சோதனையில் தேறிய நாயும் தோட்டத்தில் ஓடும் பூனையை அதே பூனையாகப் பார்க்கும் என்பதற்கு உறுதியில்லை.

மருத்துவப் பக்கங்கள்

பழைய நூல்களில் முதலில் காலாவதியாவது இப்பகுதிதான். சில செய்திகள் மாறவில்லை. கிரேஹவுண்டின் கல்லீரல் சில மயக்க மருந்துகளை மெதுவாகவே சிதைக்கிறது; தயோபென்டால் வகை மருந்து கொடுத்தால் நாய் விழித்தெழ மிக நீண்ட நேரமாகும். சிவப்பணு அளவு பிற நாய்களைவிடக் கூடுதலாகவும், தட்டணுக்களும் தைராய்டு அளவும் குறைவாகவும் இருப்பது இவ்வினத்துக்கு இயல்பு. இதை அறியாத மருத்துவர் ஆரோக்கியமான நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிவிடக்கூடும். அறுவைக்குப் பின் ஓரிரு நாள் கழித்து இரத்தம் கசியும் சிக்கலும், கால் எலும்பில் வரும் புற்றுநோயும், பாதத்தில் வரும் ஆணியும் இவற்றில் அதிகம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் இவ்வினத்தின் இரத்த அளவுகளைக் குறித்து வெளியிட்டவற்றை அச்சிட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் உண்டு. அதில் கூச்சப்பட ஏதுமில்லை.

கொக்கிப்புழு என்னும் குடற்புழுவைப் பற்றிய செய்தி புதியது. மணல் முற்றங்களில் கூட்டமாக வாழும் நாய்களுக்கு ஓயாமல் புழுமருந்து கொடுத்ததன் விளைவாக, வழக்கமான மருந்து வகைகளுக்கு அடங்காத கொக்கிப்புழுக்கள் பந்தய கிரேஹவுண்டுகளில் பெருகியிருப்பதை ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் எடுத்துக்காட்டினர். ஃபுளோரிடாவிலிருந்து வந்த நாய்க்கு ஒரு வேளை மருந்தோடு வேலை முடிந்தது என்று எழுதியிருக்கும் எந்த நூலும் இப்போது நம்பத்தக்கதன்று. கழிவை உடனுக்குடன் அகற்றி, மருந்து கொடுத்தபின் மீண்டும் மலப் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும். உண்ணியால் பரவும் நோய்களுக்கான இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது.

ஃபுளோரிடாவுக்குப் பின்

அயோவாவின் டியூபூக் தடம் 2022 மே மாதத்திலும், ஆர்கன்சாவின் சவுத்லேண்ட் 2022 டிசம்பர் இறுதியிலும் பந்தயத்தை நிறுத்தின. அமெரிக்காவில் இப்போது மேற்கு வெர்ஜீனியாவில் மட்டும் இரண்டு தடங்கள் எஞ்சியுள்ளன. நாய் கிடைக்காத அமெரிக்கக் குழுக்கள் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நாய்களை விமானத்தில் வரவழைக்கத் தொடங்கின. இதனால் அமெரிக்கக் கென்னலை மனத்தில் வைத்து எழுதிய அத்தியாயங்கள் பாதி பொருந்தாமல் போகின்றன: காதுக் குறி இடும் முறை நாட்டுக்கு நாடு வேறு, அயர்லாந்தில் ஓடுபவை ஆறு நாய்கள், கென்னல் அமைப்பும் இரட்டை அடுக்குக் கூண்டன்று. ஆஸ்திரேலியாவில் வாய்க்கூடு குறித்த சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. விக்டோரியா, வீட்டு கிரேஹவுண்டுக்குப் பொது இடத்தில் வாய்க்கூடு கட்டாயம் என்ற விதியை 2019 தொடக்கத்தில் நீக்கிவிட்டது. அந்த நாடுகளில் வாழும் தமிழர்கள் தத்தெடுக்க எண்ணினால் அமெரிக்க நூலோடு, உள்ளூர்த் தத்தெடுப்புத் திட்டம் தரும் கையேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்; இரண்டும் முரண்படும் இடத்தில் உள்ளூர்க் கையேட்டையே பின்பற்றலாம்.

நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் கிரேஹவுண்ட் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தபோது, நாய்களுக்கு வீடு தேடுவதற்கு அவகாசம் வேண்டும் என்பதைக் காரணமாகச் சொல்லியே இருபது மாத அளவிலான கெடுவை வைத்தது. ஃபுளோரிடாவுக்குக் கிடைத்தது அதைவிடச் சற்றே கூடுதலாக, ஏறத்தாழ இருபத்தாறு மாதம். ஆனால் ஃபுளோரிடா நாய்களை ஏற்க ஒரு கண்டம் அளவு நாடும் முப்பதாண்டுப் பழக்கமும் காத்திருந்தன. நியூசிலாந்தில் வீடுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அங்கே நாய்களை வீட்டுக்குப் பழக்கும் வேலையைக் கடைசி ஓட்டம் வரை ஒத்திவைக்காமல், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கென்னலில் கண்ணாடிக் கதவையும் நான்கு படிகளையும் தனியறையையும் அவற்றுக்கு அறிமுகப்படுத்துவதுதான் நடைமுறைக்கு உகந்தது.